டைடோவின் கடைசிப் பாட்டை மட்டும் கேட்டு முடிவு செய்யாதீர்கள்

பதினேழாம் நூற்றாண்டு ஆங்கிலேய இசையமைப்பாளர் ஹென்றி பர்செலின் 'டைடோ அண்ட் இனீயஸ்' ஆப்பரா, கார்த்தேஜ் ராணி டைடோ ட்ராய் வீரன் இனீயஸைக் காதலித்து, அவன் பிரிந்ததும் சாகும் கதை; ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். ஹாண்டலின் பெரிய ஆப்பராக்கள் மூன்று மணி நேரத்தைத் தாண்டுபவை; அவற்றில் நான்கு ஒலிப்பதிவுகளை ஒப்பிட்டுக் கேட்பதற்குள் முதலில் கேட்டது மறந்துபோகும். பர்செலை ஒரு விடுமுறை நாள் மதியத்தில் மூன்று பதிவுகளாகவே கேட்டு முடிக்கலாம். பாட்டும் ஆங்கிலத்தில் இருப்பதால், இத்தாலியனோ பிரெஞ்சோ தெரியாதவர்கள் கூட எந்தச் சொல்லுக்கு எந்த ஸ்வரம் விழுகிறது என்று நேராகப் பின்தொடரலாம். கடந்த எழுபது ஆண்டுகளில் பெரிய பாடகிகள் பலர் இதைப் பதிவு செய்திருக்கிறார்கள். பரோக் ஆப்பராவில் (சுமார் 1600-1750 காலத்தது) தனக்கென ஒரு பதிவைத் தேர்ந்துகொள்ள விரும்புகிறவர் தொடங்குவதற்கு இதைவிடப் பொருத்தமான படைப்பு எனக்குத் தெரிந்து இல்லை.

தேர்ந்தெடுக்கும் முறையில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். எல்லோரும் நேராகக் கடைசிப் பாட்டுக்கு, 'வென் ஐ ஆம் லெய்ட் இன் எர்த்' என்ற டைடோவின் புலம்பலுக்குப் போகிறார்கள். ஆறு பாடகிகளின் புலம்பலை வரிசையாகக் கேட்டு, அதிகம் உருக்கியவரைத் தேர்ந்தெடுத்துவிடுகிறார்கள். இதில் சிக்கல் என்னவென்றால், அந்தப் பாட்டைக் கெடுப்பது கடினம். அடியில் திரும்பத் திரும்ப வரும் பாஸ் வரியே, அதாவது தாழ்ந்த ஸ்வரங்களின் வரியே, பாதி வேலையைச் செய்துவிடுகிறது. நல்ல குரலும் கட்டுக்கோப்பான மூச்சும் உள்ள எந்த மெஸ்ஸோவும் (நடுத்தர உயரப் பெண் குரல்) அதில் நம்மை அசைத்துவிடுவார். ஒரு பதிவின் தரம் தெரிவது அதற்கு முன்னால் வரும் ஐம்பது நிமிடங்களில். கடைசிப் பாட்டு உண்மையில் எவ்வளவு ஆழமாக இறங்கும் என்பதைத் தீர்மானிப்பதும் அந்த ஐம்பது நிமிடங்களே.

கேட்க உட்காருமுன் மூலப்பிரதியின் நிலை தெரிந்திருக்க வேண்டும். ஒரு பதிவில் இருக்கும் பகுதி இன்னொன்றில் இல்லாமல் போவதற்குக் காரணம் அதுதான். பர்செல் தன் கையால் எழுதிய பிரதி கிடைக்கவில்லை. செல்சியில் ஜோசையஸ் பிரீஸ்ட் நடத்திய பெண்கள் விடுதிப் பள்ளியில் 1689 வாக்கில் இது அரங்கேறியது. அதற்காக அச்சிட்ட நஹும் டேட்டின் பாடல் நூலில் ஒரே ஒரு பிரதி மிஞ்சியிருக்கிறது. அதற்கு முன்பே அரசவையில் நடந்திருக்கலாம் என்று வாதிடும் ஆய்வாளர்களும் உண்டு. இசைக்கு நமக்குள்ள முக்கிய ஆதாரம் டென்பரி கையெழுத்துப் பிரதி. இப்போது ஆக்ஸ்ஃபோர்டில் பாட்லியன் நூலகத்தில் இருக்கிறது. பர்செல் இறந்தது 1695-இல். இந்தப் பிரதி எழுதப்பட்டது பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில். பாடல் நூலில் உள்ள முன்னுரைக் காட்சிக்கு அதில் இசை இல்லை. நூல் குறிப்பிடும் இரண்டு கிட்டார் நடனங்களும் இல்லை. இரண்டாம் அங்கத்தின் முடிவில் சூனியக்காரிகள் திரும்ப வந்து பாடி ஆடும் பகுதிக்கும் இசை இல்லை. ஆகவே ஒவ்வொரு பதிவும் இந்த ஓட்டைகளை ஏதோ ஒரு வழியில் அடைக்கிறது, அல்லது அப்படியே விட்டுவிடுகிறது. எந்த இசைக்கருவிகளை வைத்துக்கொள்வது என்பதிலும் இந்தச் சுதந்திரம் உண்டு. பிரதியில் இருப்பது நான்கு பகுதித் தந்திக் குழுவும் பாஸ் வரியும் மட்டுமே. ரெக்கார்டரோ ஓபோவோ கேட்டால் அது இசைஇயக்குநர் சேர்த்தது.

முதலில் கேட்க வேண்டியது முதல் அங்கத்தில் டைடோ பாடும் 'வென்ஸ் குட் ஸோ மச் வர்ச்சூ ஸ்ப்ரிங்' என்ற ரெசிட்டேட்டிவ். பேச்சுக்கும் பாட்டுக்கும் நடுவில் ஓடும் பகுதி அது. புயல், போர், வீரம், மென்மை என்று ஒவ்வொரு சொல்லையும் பர்செல் இசையால் வரைந்திருக்கிறார். 'ஸ்டார்ம்ஸ்' என்ற சொல்லில் விரைவான ஓட்டம் வருகிறது. 'சாஃப்ட்' வந்ததும் வரி தளர்ந்து தணிகிறது. 'ஃபியர்ஸ்' மறுபடி சீறி எழுகிறது. இங்கே தவறு இரண்டு திசையில் நடக்கும். தாளத்தை எண்ணிக்கொண்டே பாடினால் பயிற்சிப் பாடம் போல ஆகிவிடும். விருப்பப்படி இழுத்தால் பாஸ் வரி நகரும் இடங்கள் குழம்பி, ஒரு சொல்லிலிருந்து அடுத்த சொல்லுக்குப் போகும் விசை போய்விடும். பாஸ் வாசிப்பவர் பாடகியோடு சேர்ந்து மூச்சு விடுகிறாரா என்று கவனியுங்கள். மிகச் சிறந்த பதிவுகளில் ஹார்ப்சிகார்டும் (பியானோவுக்கு முந்தைய விசைப்பலகைக் கருவி) தியோர்போவும் (நீண்ட கழுத்துள்ள லூட் வகைத் தந்திக் கருவி) பாடகியைத் துரத்துவதில்லை, அவருக்காகக் காத்திருப்பதும் இல்லை. இந்த இடத்தில் சறுக்குகிற பதிவில் புலம்பல் எவ்வளவு அழகாக இருந்தாலும் டைடோ ஒரு மனுஷியாக உருவாவதில்லை. நம்மைத் தொடுவது குரல் மட்டுமாக நின்றுவிடும்.

அடுத்தது குகைக் காட்சி. இங்கேதான் பதிவுகள் ஒன்றிலிருந்து ஒன்று அதிகமாக விலகுகின்றன. டைடோவை அழிக்கச் சதி செய்யும் சூனியக்காரியின் பாத்திரத்தை மூன்று விதமாகப் பாடுகிறார்கள். (பதிவுகளை அவற்றை நடத்தியவர் பெயரால் குறிப்பிடுகிறேன்.) ஒன்று, எழுதிய ஸ்வரங்களை நேர்மையாகப் பாடும் மெஸ்ஸோ: எம்மானுவெல் ஹைமின் பதிவில் ஃபெலிசிட்டி பாமர், ரெனே யாக்கப்ஸின் 1998 பதிவில் சூசன் பிக்லி. இரண்டு, மூக்கிலும் தொண்டையிலும் குரலை நெரித்து, கிழவி போல் நடித்துப் பாடுவது: ஆண்ட்ரூ பேரட்டின் 1981 பதிவில் யான்டினா நோர்மன் இதன் உச்சம். மூன்று, ஆண் குரல்: டிரெவர் பினக்கின் பதிவில் டெனர் (உயர்ந்த ஆண் குரல்) நைஜல் ராஜர்ஸ், கிறிஸ்டோஃபர் ஹாக்வுட்டின் பதிவில் பாஸ் (மிகத் தாழ்ந்த ஆண் குரல்) பாடகர் டேவிட் தாமஸ். அந்தக் கால ஆங்கில நாடக மேடையில் சூனியக்காரிகளை ஆண்களே நடித்த வழக்கம் இருந்ததால் கடைசி வழிக்கு வரலாற்று நியாயம் உண்டு.

என் முடிவு இதில் உறுதியானது. ரெசிட்டேட்டிவில் தந்திக் குழு முழுவதும் நீண்டு ஒலித்துத் துணை வருவது இந்தப் பாத்திரத்துக்கு மட்டும்தான். டைடோவுக்கும் இனீயஸுக்கும் அந்த இடங்களில் பாஸ் வரியோடு ஹார்ப்சிகார்டோ லூட்டோதான். பர்செல் இவளுக்கு ஒரு ராணியின் கனத்தைக் கொடுத்திருக்கிறார். எஃப் மைனரில் மெல்ல நகரும் அந்த ஸ்வரக்கூட்டுகள் உண்மையிலேயே அச்சமூட்டுபவை. மேலே ஒருவர் கூச்சலும் கிறீச்சலுமாக நடித்தால் கீழே வயலின்கள் சொல்வது காதில் விழாது. அவளுடைய பரிவாரம் கூச்சலிடலாம், அந்த 'ஹோ ஹோ ஹோ' கோரஸுக்கு அது பொருந்தும். தலைவி கூச்சலிடக் கூடாது. பாமரைக் கேட்டால் இது விளங்கும்: ஒரு சொல்லைக் கூட அவர் கோணலாக்கவில்லை, ஆனாலும் குளிர்கிறது.

அதே காட்சியின் முடிவில் 'இன் அவர் டீப் வால்ட்டட் செல்' என்ற எதிரொலிக் கோரஸ் ஒலிப்பதிவுப் பொறியாளருக்கான பரீட்சை. ஒவ்வொரு சொற்றொடரும் முடிந்ததும் அதன் வால் மெதுவாகத் திரும்ப ஒலிக்க வேண்டும். சில பதிவுகளில் அதே பாடகர்கள் அதே இடத்தில் நின்று மெதுவாகப் பாடுவார்கள். அது வெறும் சத்தக் குறைவு. எதிரொலிப்பவர்கள் தள்ளி நிற்கும் பதிவில் மெய்யெழுத்துகளின் கூர்மை மழுங்கி, தூரம் உண்மையாகக் கேட்கும். ஹெட்ஃபோனில் இது உடனே தெரியும். ஹாக்வுட்டின் பதிவில் பழைய நாடக அரங்கு பாணியில் இடியோசையும் சேர்த்திருக்கிறார்கள். முதல் முறை கேட்க அருமையாக இருக்கும். அடிக்கடி கேட்கிற பதிவாக வைத்துக்கொள்ள எண்ணுகிறவர்கள் அதைப் பொறுத்துக்கொள்ள முடியுமா என்று இரண்டாம் முறையும் கேட்டுப் பார்க்க வேண்டும்.

இனி இனீயஸ். ஒப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் கண்டுகொள்ளாத பாத்திரம் இது. பர்செல் இவனுக்கு ஒரு ஏரியா (முழுத் தனிப்பாட்டு) கூடத் தரவில்லை. முழுவதும் ரெசிட்டேட்டிவ், கொஞ்சம் வாக்குவாதம், அவ்வளவுதான். அதனால் பல பதிவுகளில் இனீயஸ் வழியில் வந்துபோகிறவன் மாதிரி நிற்கிறான். அப்படி நின்றால் டைடோ யாருக்காகச் சாகிறாள் என்பதே புரியாமல் போய்விடும். ஸ்வர எல்லை டெனருக்கும் அதைவிடத் தாழ்ந்த பாரிட்டோனுக்கும் நடுவில் இருப்பதால் இரு தரப்பும் பாடுகிறார்கள். ஹைமின் பதிவில் டெனர் இயன் பாஸ்ட்ரிட்ஜ், ரேமண்ட் லெப்பர்டின் 1985 பதிவில் பாரிட்டோன் தாமஸ் ஆலன். டெனர் பாடினால் இனீயஸ் இளைஞனாக, பதற்றக்காரனாகத் தெரிவான். பாரிட்டோன் பாடினால் போர்வீரனின் எடை வரும்.

அவனைச் சோதிக்க ஓர் இடம் போதும். இரண்டாம் அங்கத்தின் முடிவில், சூனியக்காரி ஏவி, ஜோவ் கடவுள் அனுப்பியதாக நடிக்கும் ஆவி அவனைப் புறப்படச் சொன்ன பிறகு, தனியாக நின்று பாடும் ரெசிட்டேட்டிவ். முதல் இரண்டு வரிகளில் கட்டளைக்குப் பணிகிறான். உடனே 'பட் ஆ' என்று உடைகிறான். அந்த 'ஆ'வில் என்ன நடக்கிறது என்று கேளுங்கள். ஜெரால்ட் ஃபின்லி இதை யாக்கப்ஸோடு 1998-இல் ஒரு முறையும், ஏஜ் ஆஃப் என்லைட்டன்மெண்ட் இசைக்குழுவோடு சாண்டோஸ் நிறுவனத்துக்காகப் பத்தாண்டு கழித்து ஒரு முறையும் பதிவு செய்திருக்கிறார். ஒரே பாடகரின் இரு பதிவுகளை இப்படி அடுத்தடுத்து வைத்துக் கேட்க வாய்ப்பது அபூர்வம். இரண்டாவதில் அவர் சத்தத்தைக் குறைத்து வலியைக் கூட்டியிருக்கிறார்.

இந்த ரெசிட்டேட்டிவ் முடியும் இடத்தில்தான் மூலப்பிரதியின் பெரிய ஓட்டை வருகிறது. தோப்புக் காட்சி டி மைனரில் தொடங்குகிறது. டென்பரி பிரதியில் இனீயஸ் ஏ மைனரில் பாடி நிறுத்துகிறான், அங்கமும் நின்றுவிடுகிறது. பாடல் நூலில் அதற்குப் பிறகும் சூனியக்காரிகளுக்கு வரிகள் உண்டு. பெஞ்சமின் பிரிட்டன், இமோஜன் ஹோல்ஸ்டோடு சேர்ந்து 1951-இல் தயாரித்த பதிப்பில், பர்செலின் வேறு படைப்புகளிலிருந்து ஒரு மூவர் பாட்டு, ஒரு கோரஸ், ஒரு நடனம் எடுத்து இங்கே பொருத்தினார். ஸ்டூவர்ட் பெட்ஃபோர்ட் 1975-இல் டெக்காவுக்காக ஜேனட் பேக்கரோடும் பீட்டர் பியர்ஸோடும் செய்த பதிவில் இந்த முடிவைக் கேட்கலாம். கட்டமைப்பு முழுமை பெறுகிறது என்பதை மறுக்க முடியாது, இசையும் பர்செலுடையதுதான். எனினும் இனீயஸின் அந்தக் கடைசி வரிக்குப் பின்னால் உற்சாகமான நடனம் வந்ததும் அவன் பட்ட வேதனை துடைத்துவிடப்படுகிறது. அப்படியே நிறுத்திவிடும் பதிவுகளையே நான் விரும்புகிறேன். ஆனால் அப்படி நிறுத்தும்போது அடுத்த ட்ராக் வருவதற்குப் போதிய மௌனம் விட்டிருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். இரண்டு வினாடியில் மாலுமிகள் குதித்து வந்தால் வெட்டு ஒட்டு போலாகிவிடும்.

மூன்றாம் அங்கத்தில் மாலுமிகள் காட்சி எல்லாப் பதிவுகளிலும் கிட்டத்தட்ட நன்றாகவே அமைகிறது. அதற்காக நேரம் செலவழிக்க வேண்டாம். டைடோவும் இனீயஸும் மோதும் இடத்துக்குப் போங்கள். புறப்பட மாட்டேன் என்று அவன் மனம் மாறுகிறான். ஒரு கணம் விட்டுப்போக நினைத்ததே போதும், போ என்கிறாள் இவள். இங்கே கோபம் வேண்டும். இந்த இடத்திலேயே சோகத்தில் மூழ்கிவிடுகிற டைடோக்கள் பலர். அப்படிச் செய்தால் அவனை விரட்டிய பிறகு வரும் சரிவுக்கு உயரமே இருக்காது. வெரோனிக் ஜான்ஸ், வில்லியம் கிறிஸ்டியின் விரைவான இரண்டாவது பதிவில், இந்தச் சண்டையில் குரலைக் கத்தி போல் வைத்திருக்கிறார். ஜெஸ்ஸி நார்மன் லெப்பர்டின் பதிவில் கம்பீரமாகச் சினக்கிறார்; ஆனால் அந்தக் குரலின் பேரளவுக்கு ஈடுகொடுக்கத் தந்திக் குழுவும் கோரஸும் பெருக்க வேண்டியிருக்கிறது. பர்செல் எழுதிய சின்ன அறை ஒரு பெரிய மண்டபமாக விரிந்துவிடுகிறது. நார்மனின் குரலை நேசிக்கிறவர்கள் இதைக் குறையாகவே எண்ண மாட்டார்கள், எண்ணவும் வேண்டாம்.

இப்போது புலம்பல். முன்னால் வரும், தோழி பெலிண்டாவிடம் பாடும் 'தை ஹாண்ட், பெலிண்டா' என்ற சிறு ரெசிட்டேட்டிவில் குரல் அரை ஸ்வரப் படிகளாகக் கீழே கீழே இறங்குகிறது. பிறகு தனியாக பாஸ் வரி தொடங்குகிறது: ஜி-யிலிருந்து டி வரை அரை ஸ்வரங்களாக இறங்கி, ஒரு முத்தாய்ப்போடு திரும்ப ஜி-க்கு வந்து சேரும் ஐந்து அளவைகள் (தாள ஆவர்த்தனம் போன்ற பிரிவுகள்). இது மொத்தம் 11 முறை சுற்றுகிறது: முதல் சுற்று வாத்தியத்தில் மட்டும், அடுத்த எட்டு குரலோடு, கடைசி இரண்டு மறுபடி வாத்தியத்தில். ஓர் அளவைக்கு மூன்று தட்டு என்றால் மொத்தம் சுமார் 165 தட்டுகள். நிமிடத்துக்கு 60 தட்டு என்று போனால் பாட்டு 2 நிமிடம் 45 வினாடியில் முடியும். 40 என்று போனால் 4 நிமிடத்தைத் தாண்டும். ஆல்பத்தின் பின்னட்டையில் இருக்கும் நேரத்தைப் பார்த்தே ஒரு பதிவின் வேகத்தை இப்படிக் கணக்கிட்டுவிடலாம். ரெசிட்டேட்டிவும் அதே ட்ராக்கில் சேர்ந்திருந்தால் அதற்கு ஒரு நிமிடம் போலக் கழித்துக்கொள்ள வேண்டும்.

இந்த வேகம் ஏன் முக்கியம்? பாடும் வரிகளின் நீளமும் பாஸ் சுற்றின் நீளமும் வேண்டுமென்றே பொருந்தாமல் எழுதப்பட்டவை. பாஸ் ஒரு சுற்றை முடிக்கும்போது குரல் நடுவாக்கியத்தில் இருக்கும். பாஸ் விதி போலச் சுற்றுகிறது, அதன் மேல் டைடோ தப்பிக்க முயல்வது போலத் தாண்டித் தாண்டிப் போகிறாள். மிக மெதுவாக எடுத்தால் இரண்டு கோளாறுகள் வரும். 'லெய்ட்' என்ற சொல்லின் இழைப்பு நடுவில் பாடகி மூச்சு எடுக்க நேரும். அதைவிட மோசமாக, ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் இசைக்குழு தணிந்து நிற்கும். பதினொரு துண்டுகளை ஒட்டியது போலாகிவிடும். 'ரிமெம்பர் மீ' என்ற சொற்களை முதலில் ஒரே டி ஸ்வரத்தில் பேச்சு போல எழுதிவிட்டு, பிறகு மேல் ஜி வரை ஏற்றுகிறார் பர்செல். தட்டையான அந்த முதல் டி-க்களிலேயே உணர்ச்சியைக் கொட்டிவிடுகிறவருக்கு ஜி-யில் செய்ய எதுவும் மிச்சமிருக்காது.

ஸ்ருதியையும் சொல்ல வேண்டும். 1952-இல் கிர்ஸ்டன் ஃபிளாக்ஸ்டாட் பாடிய மோனோ பதிவும், ஆண்டனி லூயிஸ் நடத்த 1961-இல் ஜேனட் பேக்கர் பாடியதும் நவீனக் கருவிகளில், இன்றைய ஸ்ருதியில் ஒலிப்பவை. பழைய முறைக் கருவிகளை வாசிக்கும் குழுக்கள் பெரும்பாலும் ஏ ஸ்வரம் 415 ஹெர்ட்ஸ் (இன்று 440) என்று, அரை ஸ்வரம் தாழ்த்தி வைத்துக்கொள்கின்றன; அங்கே அந்த மேல் ஜி இன்றைய எஃப் ஷார்ப்பாக ஒலிக்கும். பேக்கரிலிருந்து நேராக பினக்கின் பதிவுக்குத் தாவினால் ஆன் சோஃபி வான் ஆட்டரின் குரல் சற்று மங்கலாகத் தோன்றும். அது அவருடைய குறை அல்ல, ஸ்ருதி இறங்கியதற்குக் காது பழகாததுதான். அவருடைய முதல் காட்சியிலிருந்து தொடங்கிக் கேட்டால் சரியாகிவிடும்.

என் தேர்வு சாண்டோஸ் வெளியிட்ட சாரா கானலியின் பதிவு. பர்செல் பிறந்து 350 ஆண்டு நிறைந்த 2009-இல் வந்தது. தனியே நடத்துநர் இல்லை. ஹார்ப்சிகார்டிலிருந்து ஸ்டீவன் டிவைனும் லூட்டிலிருந்து எலிசபெத் கென்னியும் வழிநடத்துகிறார்கள். இதன் பலன் ரெசிட்டேட்டிவில் உடனே தெரிகிறது: யாரும் கைகாட்டக் காத்திருக்காமல் பாடகியும் பாஸும் ஒன்றாக நகர்கிறார்கள். பட்ரிசியா பார்டனின் சூனியக்காரி எழுதியதை எழுதியபடி பாடுகிறார், லூசி க்ரோவின் பெலிண்டாவுக்கு உண்மையான அக்கறை இருக்கிறது, இனீயஸாக ஃபின்லி இருக்கிறார். கானலியின் டைடோ முதல் அங்கத்திலேயே தன் காதலை அஞ்சுகிறவள். அதனால் கடைசிப் பாட்டு புதிதாக வந்த துயரமாகத் தோன்றாமல், அவள் தொடக்கத்திலேயே அறிந்திருந்த ஒன்றாக வந்து சேர்கிறது. குறை சொல்வதானால் சூனியக்காரிகளின் கோரஸில் இன்னும் கொஞ்சம் முரட்டுத்தனம் இருந்திருக்கலாம்.

பாடகியை மட்டும் வைத்துச் சொல்லச் சொன்னால் நிக்கலஸ் மெக்கீகனோடு 1993-இல் லொரைன் ஹன்ட் பாடியதுதான். அவர் பாடகியாவதற்கு முன் வியோலா வாசித்தவர். உள்வரிகளைக் கேட்டுக்கொண்டே பாடுகிற அந்தப் பழக்கம் புலம்பலில் ஒவ்வொரு சுற்றிலும் தெரிகிறது. அதில் இனீயஸ் இந்த அளவுக்கு நிற்காததால்தான் இரண்டாம் இடம். பேக்கரின் 1961 பதிவில் கோரஸும் ஹார்ப்சிகார்டும் அந்தக் காலத்துக்குரியவை. 28 வயதில் அவர் சண்டைக் காட்சியில் காட்டும் சீற்றத்துக்காக அதை யாரும் ஒருமுறை முழுதாகக் கேட்க வேண்டும். பேரட்டோடு எம்மா கெர்க்பி பாடியதில் அதிர்வில்லாத, தெளிவான குரல். அது ஒட்டிக்கொள்கிறவர்களுக்கு வேறு எதுவும் கனமாகத் தோன்றும்.

இணையத்தில் தேடும்போது ஆளும் ஆண்டும் குழம்பாமல் பாருங்கள். பேக்கருக்கு இரண்டு பதிவு: லூயிஸ், பெட்ஃபோர்ட். டாட்டியானா ட்ரோயானோஸுக்கும் இரண்டு: சார்லஸ் மெக்கரஸ், லெப்பர்ட். லெப்பர்ட், கிறிஸ்டி, பேரட் மூவரும் வெவ்வேறு டைடோக்களோடு இரண்டு தடவை பதிவு செய்திருக்கிறார்கள். மறுவெளியீடுகளில் அட்டைப்படம் மாறியிருக்கும், போட்டிருக்கும் ஆண்டும் பெரும்பாலும் மறுவெளியீட்டு ஆண்டாக இருக்கும். நடத்துநர் பெயரும் டைடோவின் பெயரும் சேர்ந்து ஒத்துப்போனால்தான் தேடியது அது. செயலியில் ட்ராக்குகளுக்கு நடுவே குரல்களை ஒன்றோடொன்று கலக்கும் வசதியை நிறுத்திவிட்டு, இடைவெளி இல்லாமல் ஓடும் அமைப்பைப் போட்டுக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் 'தை ஹாண்ட்' முடிந்து பாஸ் தொடங்கும் இடம் அறுந்துவிடும். சத்தத்தைச் சமப்படுத்தும் அமைப்பு இருந்தால் அது ஆல்பம் அளவில் இருக்கட்டும். ட்ராக் அளவில் வைத்தால் புலம்பலும் மாலுமிகளின் கூத்தும் ஒரே உரப்பில் வந்து நிற்கும். இரண்டு பதிவுகளை ஒப்பிடும்போது மட்டும் கையால் சரிசெய்து கொள்ளுங்கள், உரக்க ஒலிப்பதே சிறந்தது என்று காது நம்பிவிடும்.